இரண்டு துண்டறிக்கைகள், இருபது ஆண்டுச் சிறை, ஒருவழிக் கப்பல் பயணம்: நியூயார்க், 1918–1921

1918 ஆகஸ்டில் நியூயார்க்கில் துண்டறிக்கை வீசியதற்காக ரஷ்யாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளர்கள் ஏழு பேர் கைதானார்கள். சட்ட நூல்களில் அது 'ஏப்ரம்ஸ் எதிர் ஐக்கிய அமெரிக்கா' என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. பேச்சுரிமை படிக்கும் மாணவர்கள் எல்லோரும் இதில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் பெரும்பான்மையோடு உடன்படாமல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு குற்றவாளிகளில் ஒருவரைக்கூடச் சிறையிலிருந்து மீட்கவில்லை. வழக்கை முடித்து வைத்தது குடியேற்றச் சட்டமும் ஒரு நிபந்தனைத் தண்டனைக் குறைப்பும்தான். இந்த ஆய்வு அந்த முடிவிலிருந்து வழக்கைப் பின்னோக்கிப் பார்க்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களை அவரவர் தொழிலால் குறிப்பிடுகிறோம்.

பின்னணி: அடுத்தடுத்து வந்த சட்டங்கள்

அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது 1917 ஏப்ரல் 6 அன்று. அதற்கு இரண்டு மாதம் முன்பே, பிப்ரவரி 5 அன்று, புதிய குடியேற்றச் சட்டம் வந்துவிட்டது. எழுத்தறிவுத் தேர்வு, ஆசியத் தடை மண்டலம் என்ற இரண்டுக்காகவே அது நினைவில் இருக்கிறது. இந்தியாவும் அந்தத் தடை மண்டலத்துக்குள் இருந்ததால் தமிழர்களுக்கும் கதவு அடைபட்டது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. நாட்டுக்குள் வந்தபின் எப்போதாவது அரசின்மைவாதத்தையோ (அரசே வேண்டாம் என்னும் கொள்கை), சொத்துகளைச் சட்டவிரோதமாக அழிப்பதையோ, அரசைப் பலாத்காரமாகக் கவிழ்ப்பதையோ பரப்புகிற அந்நியரை வெளியேற்றலாம் என்றது அது. 1901இல் ஜனாதிபதி மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து 1903இல் போட்ட தடையின் நீட்சி இது.

1917 ஜூன் 15 அன்று உளவுச் சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவு மூன்று செயல்களைக் குற்றமாக்கியது: போரைக் கெடுக்கும் நோக்கத்தோடு பொய்த் தகவல் பரப்புவது, படையினரிடையே கீழ்ப்படியாமையையோ கலகத்தையோ தூண்டுவது, ஆள்சேர்ப்பைத் தடுப்பது. உச்சத் தண்டனை 20 ஆண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம். இன்னொரு அத்தியாயம், இந்தச் சட்டத்தை மீறும் அச்சுப் பிரதியைத் தபாலில் ஏற்கக் கூடாது என்று தபால் துறைக்கு அதிகாரம் கொடுத்தது. அக்டோபர் 6 அன்று வந்த எதிரிநாட்டு வணிகச் சட்டம், ஆங்கிலம் அல்லாத மொழியில் அரசைப் பற்றியோ போரைப் பற்றியோ எழுதும் பத்திரிகைகள் அந்தப் பகுதிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை உள்ளூர்த் தபால் அதிகாரியிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றது. சிறு பத்திரிகைகளுக்கு இது தாங்க முடியாத செலவு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் எழுதிய தீவிரக் குழுக்கள் தலைமறைவாக இயங்கப் போனதற்கு இந்தத் தபால் விதியும் ஒரு காரணம்.

உளவுச் சட்டத்தின் மூன்று குற்றங்களும் விளைவோடு கட்டுண்டவை. மொன்டானாவில் ஒரு பண்ணைக்காரர் போரைக் குறை சொல்லிப் பேசினார் என்று வழக்கு வந்தது. 1918 ஜனவரியில் நீதிபதி ஜார்ஜ் போர்க்வின் அவரை விடுவித்தார். அவர் பேசிய இடம் சுமார் 60 பேர் வாழும் சிற்றூர். ரயில் பாதையிலிருந்து 60 மைல் தள்ளி இருந்தது. பல நூறு மைல் சுற்றளவில் படையினரே கிடையாது. அங்கே பேசிய பேச்சு எந்த ராணுவத்தை எப்படிக் குலைத்திருக்க முடியும் என்று நீதிபதி கேட்டார். அதனால் கொதித்த மொன்டானா சட்டமன்றம் பிப்ரவரியிலேயே தன் சொந்த ராஜத்துரோகச் சட்டத்தை இயற்றியது. உளவுச் சட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்து மே 16 அன்று சட்டமான ராஜத்துரோகத் திருத்தம் அதையே முன்மாதிரியாகக் கொண்டது.

அந்தத் திருத்தத்தோடு குற்றத்தின் இயல்பே மாறியது. அரசு முறை, அரசியலமைப்பு, கொடி, படை, சீருடை ஆகியவற்றைப் பற்றி 'விசுவாசமற்ற, இழிவான, வசைமொழி' பேசினாலே போதும், குற்றம் முழுமையாகிவிடும். போருக்கு வேண்டிய பொருள்களின் உற்பத்தியைக் குறைக்கும்படி தூண்டுவதும் குற்றம். எதிரான சொல்லைச் சட்டமே தண்டித்தால் கும்பல் தண்டிக்காது என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். ஏப்ரலில் இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில்லில் ஒரு ஜெர்மானியக் குடியேறியைக் கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றதை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். கும்பலைத் தண்டிப்பதற்குப் பதில் கும்பலின் வேலையைச் சட்டம் எடுத்துக்கொள்வது என்ற அந்த வாதத்தை இன்று படிக்கவும் மனம் கூசுகிறது.

நடந்தது: 1918 ஆகஸ்ட்

1918 கோடையில் ஜனாதிபதி வில்சன் வடக்கு ரஷ்யாவுக்கும் சைபீரியாவுக்கும் அமெரிக்கப் படைகளை அனுப்ப முடிவு செய்தார். மார்ச் 3 அன்று போல்ஷெவிக் அரசு ஜெர்மனியோடு பிரெஸ்ட்-லிடோவ்ஸ்க் உடன்படிக்கை செய்துகொண்டு போரிலிருந்து விலகியிருந்தது. ஆனாலும் அமெரிக்கா ரஷ்யா மீது போர் அறிவிக்கவில்லை. வழக்கு முழுக்க இந்த ஒரு உண்மையைச் சுற்றியே சுழன்றது.

நியூயார்க்கில் ஒரு சிறு குழு 'ஃப்ரைஹைட்' என்ற யித்திஷ் இதழை ரகசியமாக நடத்தி வந்தது. ஒருவர் புத்தகம் கட்டுபவர், ஒருவர் அச்சுத் தொழிலாளி, ஒருவர் தோலாடைத் தொழிலாளி. சட்டை தைக்கும் ஆலையில் வேலை பார்த்த 20 வயதுப் பெண் ஒருவரும் இருந்தார். ஐந்து முதல் பத்து ஆண்டுகளாக அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள். எவரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. தங்கள் கைக்காசில் ஒரு அச்சுப் பொறியை வாங்கி நிலவறை ஒன்றில் வைத்து, இரவில் அச்சடித்தார்கள்.

படை அனுப்பும் செய்தி வந்ததும் இரண்டு துண்டறிக்கைகள் தயாராயின. ஆங்கிலத்தில் இருந்தது ஜனாதிபதியைக் கோழை என்றது. ரஷ்யாவில் தலையிடுவதைப் பற்றி அவர் வாய் திறக்காதது வாஷிங்டன் பணக்காரக் கும்பலின் பாசாங்கைக் காட்டுகிறது என்றது. அதன் அடியில் ஒரு பின்குறிப்பு: எங்களை ஜெர்மன் ஆதரவாளர்கள் என்பது அபத்தம், ஜெர்மன் ராணுவவெறியை உங்கள் பாசாங்குக்காரக் கொடுங்கோலர்களைவிட நாங்கள்தான் அதிகம் வெறுக்கிறோம். யித்திஷ் துண்டறிக்கை தொழிலாளர்களைப் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்வோரே, நீங்கள் செய்யும் தோட்டாவும் பீரங்கியும் ஜெர்மானியரை மட்டுமல்ல, ரஷ்யாவில் விடுதலைக்குப் போராடும் உங்கள் சொந்தங்களையும் கொல்லும் என்றது. சுமார் 5,000 பிரதிகள் அச்சாகி, ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய நாள்களில் வினியோகமாயின என்று விசாரணையில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

சில பிரதிகளைக் கையோடு எடுத்துப் போய் ரகசியமாகக் கொடுத்தார்கள். சிலவற்றைக் குழுவில் ஒருவர் தான் வேலை பார்த்த தொப்பி ஆலையின் மாடி ஜன்னல் வழியே ஹூஸ்டன் தெரு, கிராஸ்பி தெரு முனையில் வீசினார். கீழே பொறுக்கி எடுத்தவர்களில் சிலர் போலீஸாரிடம் கொண்டு போனார்கள். ராணுவ உளவுப் பிரிவின் சார்ஜென்ட்டுகள் கட்டடத்தைச் சல்லடை போட்டு வீசியவரைப் பிடித்தார்கள். அவர் விசாரணைக்கு ஒத்துழைத்தார். அன்று இரவே அவரைச் சந்திக்க வந்த மற்றவர்களும் பிடிபட்டார்கள். சந்திக்கும் இடத்திலும் அவர்களிடமும் கிடைத்த, அச்சேறாத எழுத்துகளும் கைப்பற்றப்பட்டன. அவற்றில் ஒன்று, ரஷ்யப் புரட்சியைக் காக்க வேண்டுமானால் நேசநாட்டுப் படைகளை அவரவர் நாட்டிலேயே கட்டிப்போட வேண்டும் என்று பேசியது. பின்னால் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, நோக்கத்தை நிறுவ இந்த வெளியிடாத தாள்களையும் எடுத்துக்கொண்டது. ஒரே அறையில் கிடைத்ததெல்லாம் ஒரே சதியின் ஆவணம் என்று பார்க்கப்பட்டது இங்கிருந்துதான் ஆரம்பமாயிற்று.

காவலில் தங்களை அடித்ததாகக் கைதானவர்கள் சொன்னார்கள். போலீஸ் தரப்பு மறுத்தது. எழுவரில் ஒருவர் அக்டோபரில், விசாரணை தொடங்கும் தறுவாயில், மருத்துவமனையில் இறந்தார். அதிகாரபூர்வக் காரணம் நிமோனியா. அடியால் இறந்தார் என்பது தோழர்களின் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு வரையப்பட்ட விதம்

அரசுத் தரப்பு நான்கு குற்றச்சாட்டுகளை வைத்தது. நான்கும் சதிக் குற்றம். முதலாவது, அரசு முறையைப் பற்றி வசைமொழி வெளியிட்டது. இரண்டாவது, அரசு முறையை இகழ்ச்சிக்கு உள்ளாக்கும் நோக்கம் கொண்ட மொழியை வெளியிட்டது. மூன்றாவது, நடக்கும் போரில் அமெரிக்காவுக்கு எதிர்ப்பைத் தூண்டியது. நான்காவது, ஜெர்மனியோடு போர் நடக்கும்போது வெடிமருந்து முதலியவற்றின் உற்பத்தியைக் குறைக்கத் தூண்டியது.

இப்படி அடுக்கியதால் அரசுத் தரப்புக்குக் கிடைத்த லாபம் பெரியது. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே 20 ஆண்டு வரை கொடுக்கலாம். மொத்தத் தண்டனை 20 ஆண்டைத் தாண்டாவிட்டால், மேல்முறையீட்டில் நான்கில் ஒன்று நின்றாலே தண்டனை முழுதும் நிற்கும். மூன்று குற்றச்சாட்டுகளை உடைத்தாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு நாள்கூடக் குறையாது. அரசியல் பேச்சுக்காகப் போடும் வழக்குகளில் ஒரே துண்டறிக்கையை நாலு பிரிவுகளில் வெட்டி வைப்பது எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

நான்காவது குற்றச்சாட்டில் எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி இருந்தது. உற்பத்தியைக் குறைக்கத் தூண்டினால் மட்டும் போதாது, அப்படிக் குறைப்பதன் மூலம் போர் நடத்துவதை முடக்கவோ தடுக்கவோ வேண்டும் என்ற நோக்கமும் வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. போர் என்றால் ஜெர்மனியோடு நடக்கும் போர். இவர்கள் தடுக்க நினைத்தது ரஷ்யாவில் நடக்கும் தலையீட்டை.

விசாரணை: 1918 அக்டோபர்

நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்ததால் அலபாமாவிலிருந்து நீதிபதி ஹென்றி டிலாமர் கிளேட்டன் அழைக்கப்பட்டார். அவருடைய சகோதரர், ராணுவக் கர்னல், அதே ஆண்டு மே மாதம் பிரான்ஸில் போரில் கொல்லப்பட்டிருந்தார். இப்படிப்பட்ட நிலையில் ஒரு நீதிபதி தானாகவே விலகியிருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அவர் விலகவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஹாரி வைன்பர்கர். ரஷ்யத் தலையீடு ஜெர்மனிக்கு எதிரான போரின் பகுதியே அல்ல என்று காட்டுவது அவர் திட்டம். ரஷ்யாவில் அமெரிக்கச் செஞ்சிலுவைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ரேமண்ட் ராபின்ஸைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். தலையீடு பற்றிய கேள்விகளை நீதிபதி ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தார். நோக்கம்தான் குற்றத்தின் உயிர். அந்த நோக்கத்தை விளக்கும் சாட்சியம் ஜூரிகளின் காதுக்குப் போகவே இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவர்களில் நால்வர் தாங்களே சாட்சி சொன்னார்கள். மூவர் தங்களைக் கலகக்காரர்கள், புரட்சியாளர்கள், அரசின்மைவாதிகள் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார்கள். நான்காமவர் சோஷலிஸ்ட் என்றார். புத்தகம் கட்டுபவர் அமெரிக்கப் புரட்சியின் முன்னோரைச் சுட்டிப் பேசத் தொடங்கியபோது, இந்த நாட்டின் தந்தையரையா உன் முன்னோர் என்கிறாய் என்று நீதிபதி குறுக்கிட்டார். உங்களுக்கு இந்த நாடு பிடிக்கவில்லை என்றால் ரஷ்யாவுக்கே திரும்பிப் போகக் கூடாதா என்றும் கேட்டார். உற்பத்தி செய்பவர்களைப் பற்றி அவர்கள் பேசியபோது, இந்த நாட்டில் உழாத நிலம் நிறையக் கிடக்கிறது, போய் ஏதாவது விளைவியுங்களேன் என்றார். ஜூரிகள் முன்னிலையில் சொன்னவை இவை. எதிர்த்தரப்பு தங்கள் கொள்கையை மறைக்காமல் பேசத் தீர்மானித்தது மனசாட்சிக்கு உகந்த முடிவு. சட்டக் கணக்கில் அது விலை உயர்ந்த முடிவு. 'போரைத் தடுக்கும் நோக்கம் இல்லை' என்ற நுட்பமான வாதத்தை, 'எல்லா அரசையும் எதிர்க்கிறோம்' என்ற பரந்த அறிவிப்பு விழுங்கிவிட்டது.

அக்டோபர் 23 அன்று ஜூரி ஐவரைக் குற்றவாளிகள் என்றது, ஒருவரை விடுவித்தது. 25ஆம் தேதி தண்டனை: ஆண்களில் மூவருக்கு 20 ஆண்டு, இளம்பெண்ணுக்கு 15 ஆண்டு, ஜன்னல் வழியே வீசி, பிடிபட்டபின் ஒத்துழைத்தவருக்கு 3 ஆண்டு. அந்தத் துண்டறிக்கையைப் படித்து எந்த ஆலையிலாவது ஒரு தொழிலாளி கருவியைக் கீழே வைத்தார் என்பதற்குச் சான்று எதுவும் நீதிமன்றத்தில் வரவில்லை. தண்டனை அறிவித்த பதினேழாம் நாள், நவம்பர் 11 அன்று, போர் நின்றது.

விசாரணை நடந்த அதே அக்டோபரில், 16ஆம் தேதி, இன்னொரு குடியேற்றச் சட்டம் கையெழுத்தானது. அரசின்மைவாதியாக இருக்கும் எந்த அந்நியரையும், அரசைப் பலாத்காரமாகக் கவிழ்ப்பதை ஆதரிக்கும் அமைப்பில் உறுப்பினராக இருப்பவரையும் எத்தனை ஆண்டு கழிந்தும் வெளியேற்றலாம் என்றது அது. பேச்சோ செயலோ வேண்டியதில்லை; உறுப்பினராக இருந்தாலே போதும். நீதிமன்றத்தில் ஒருவர் தன்னை அரசின்மைவாதி என்று சொல்வது, நாடுகடத்தல் வழக்கில் அவரே எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமாயிற்று.

மேல்முறையீடு: 1919

20, 15 ஆண்டு பெற்ற நால்வரை, ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர் பிணை கட்டி வெளியே எடுத்தார்கள். இளம்பெண்ணைப் போலீஸ் விடாமல் கண்காணித்தது. மீண்டும் மீண்டும் கைது செய்தது.

அந்த ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதே சட்டத்தின் கீழ் வந்த மூன்று வழக்குகளில் ஒருமனதாகத் தண்டனைகளை உறுதி செய்தது. மூன்றையும் எழுதியவர் ஹோம்ஸ். பேச்சைத் தண்டிக்க 'வெளிப்படையான, உடனடியான அபாயம்' இருக்க வேண்டும் என்ற அளவுகோல் மார்ச் 3 அன்று வந்த ஷெங்க் தீர்ப்பில் பிறந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து, சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் ஒரு கூட்டத்தில் பேசியதற்குக் கொடுத்த 10 ஆண்டை உறுதி செய்தபோது அந்த அளவுகோலை அவர் கடுமையாகப் பொருத்திப் பார்க்கவில்லை. கோடையில் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஸக்கரையா சேஃபி போர்க்காலப் பேச்சுரிமை பற்றி எழுதிய கட்டுரையை ஹோம்ஸ் படித்தார். நீதிபதி லேர்னெட் ஹேண்டோடு கடிதத்தில் வாதிட்டார். அரசியல் அறிஞர் ஹாரல்டு லாஸ்கி அவரை சேஃபியோடு சந்திக்க வைத்தார்.

வைன்பர்கர் இரண்டு தளங்களில் வாதிட்டார். சட்டமே, பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு விரோதம் என்பது ஒன்று. சட்டம் செல்லும் என்றாலும் ஜெர்மனியோடான போரைத் தடுக்கும் நோக்கத்துக்குச் சான்று இல்லை என்பது மற்றொன்று. அரசை இகழ்வதைத் தண்டிக்கும் பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தை முதல் திருத்தம் ஒழிக்கவில்லை என்று அரசுத் தரப்பு பதிலளித்தது.

நவம்பர் 10 அன்று தீர்ப்பு: ஏழுக்கு இரண்டு. பெரும்பான்மைக்காக எழுதியவர் நீதிபதி ஜான் கிளார்க். அவர் முதல் இரண்டு குற்றச்சாட்டுகளைத் தொடவே இல்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. மூன்றும் நான்கும் நின்றால் போதும் என்று எடுத்துக்கொண்டார். நோக்கம் பற்றிய கேள்வியை ஒரே விதியால் தாண்டினார்: ஒரு செயலால் எது விளையக்கூடுமோ அதைச் செய்தவர் நினைத்தே செய்தார் என்று கொள்ள வேண்டும். பொது வேலைநிறுத்தம் நடந்தால் வெடிமருந்து உற்பத்தி குறையும். குறைந்தால் ஜெர்மனியோடான போர் பாதிக்கும். ஆகவே அதுவும் அவர்கள் நோக்கம்.

ஹோம்ஸின் மாறுபட்ட தீர்ப்பு இந்த விதியை நேராகத் தாக்கியது. நீதிபதி பிராண்டைஸ் அதில் சேர்ந்துகொண்டார். ஒரு தேசபக்தர் விமானங்களுக்குப் பணம் விரயமாகிறது, அந்த உற்பத்தியைக் குறையுங்கள் என்று வாதிட்டு, அவர் சொன்னபடி குறைந்து, அது போரைப் பாதித்தது என்று வைத்துக்கொள்வோம். அவரைக் குற்றவாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார். முதல் குற்றச்சாட்டைப் பற்றி, ஜனாதிபதியைத் திட்டுவது அரசு முறையைத் தாக்குவதாகாது என்றார். முகம் தெரியாத ஒருவர் ஒளித்து வெளியிட்ட அசட்டுத் துண்டறிக்கை எந்த உடனடி அபாயமும் ஆகாது. நாட்டின் மனத்தை மாற்றும் எல்லா முயற்சியையும் காங்கிரஸ் தடுத்துவிட முடியாது என்று எழுதினார். 1798இன் ராஜத்துரோகச் சட்டத்தின் கீழ் வாங்கிய அபராதங்களை நாடு பின்னால் திருப்பிக் கொடுத்ததையும் நினைவூட்டினார். அரசியலமைப்பை வெளியிட அரசுக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை இவர்களுக்கு இந்தத் துண்டறிக்கைகளை வெளியிடவும் உண்டு என்பது அதன் உச்சம்.

தீர்ப்பு வரும் முன் சக நீதிபதிகள் மூவர் அவர் வீட்டுக்கே போய், நாட்டின் பாதுகாப்பைக் கருதி இதை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் மறுத்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பு வந்தது போர் நின்று ஏறக்குறைய ஓராண்டு கழித்து. அதற்கு மூன்று நாள் முன்புதான், நவம்பர் 7 அன்று, அட்டர்னி ஜெனரல் பால்மரின் ஆட்கள் பல நகரங்களில் ரஷ்யத் தொழிலாளர் சங்க அலுவலகங்களில் புகுந்து அந்நியர்களைச் சுற்றிவளைத்திருந்தார்கள். பேச்சுரிமை வாதம் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்க, அரசு ஏற்கெனவே வேறு கதவுக்கு மாறிவிட்டது.

வேறு கதவு: நாடுகடத்தல் எப்படி இயங்கியது

நாடுகடத்தல் தண்டனை அல்ல, நிர்வாக நடவடிக்கை என்று 1893இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஜூரி கிடையாது. குற்ற வழக்கின் பாதுகாப்புகள் கிடையாது. குடியேற்ற ஆய்வாளர் ஒருவரே விசாரிப்பார், சான்று சேர்ப்பார், பரிந்துரைப்பார். இறுதிக் கையெழுத்து தொழிலாளர் துறைச் செயலாளருடையது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இருந்த சிறு உரிமையையும் 1919 டிசம்பர் கடைசியில் மாற்றினார்கள். விசாரணையின் ஆரம்பத்திலேயே வழக்கறிஞர் உண்டு என்று சொல்லியிருந்த 22ஆம் விதி, 'அரசின் நலன் காக்கப்பட்ட பிறகு' உண்டு என்று திருத்தப்பட்டது. இரண்டு நாளில், 1920 ஜனவரி 2 அன்று, பெரும் சுற்றிவளைப்பு நடந்தது. அதற்கு முன்பே, 1919 டிசம்பர் 21 அன்று, அரசின்மைவாதத் தலைவர் எம்மா கோல்ட்மன் உள்ளிட்ட 249 பேரை ஏற்றிக்கொண்டு 'பியூஃபோர்டு' கப்பல் நியூயார்க்கிலிருந்து போய்விட்டது.

இந்த எந்திரத்தை ஓரளவு நிறுத்தியவர் நீதிபதி அல்ல, ஒரு நிர்வாகி. 1920 வசந்தத்தில் தொழிலாளர் துறையின் பொறுப்புச் செயலாளராக இருந்த லூயிஸ் போஸ்ட் கோப்புகளைத் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். கட்சிப் பட்டியலில் பெயர் இருப்பதே தெரியாதவர்கள், வழக்கறிஞர் இல்லாமல் வாக்குமூலம் கொடுத்தவர்கள் என்று பிரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாரண்டுகளை ரத்து செய்தார். காங்கிரஸ் அவரைப் பதவியிலிருந்து தூக்கப் பார்த்தது. விசாரணைக் குழு முன் கோப்போடு போய் உட்கார்ந்து பதில் சொன்னார். அதோடு அந்த முயற்சி அடங்கியது. இந்தக் காலத்தின் உரிமைக் காவல் பற்றி எழுதுபவர்கள் ஹோம்ஸுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது போஸ்டுக்குக் கொடுக்க வேண்டும்.

என்ன ஆயிற்று

தீர்ப்புக்குப் பின் ஆண்கள் மூவர் பிணையை முறித்து, நியூ ஆர்லியன்ஸ் வழியாக மெக்ஸிகோ போகப் பார்த்துப் பிடிபட்டார்கள். இளம்பெண் அவர்களோடு போக மறுத்தார். பிணைக்குப் பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் சாதாரண மக்கள், அவர்கள் பணம் போய்விடும் என்றார். ஆண்கள் அட்லாண்டா கூட்டாட்சிச் சிறைக்கும், அவர் மிசௌரியின் ஜெஃபர்சன் சிட்டி சிறைக்கும் போனார்கள்.

வைன்பர்கர் இப்போது வேறு வழியைப் பிடித்தார். நால்வர் மீதும் நாடுகடத்தல் உத்தரவு இருந்தது. அதையே பேரப் பொருளாக்கி, தங்கள் செலவில் ரஷ்யாவுக்குப் போய் இனித் திரும்புவதில்லை என்ற நிபந்தனையில் தண்டனையைக் குறைக்கக் கேட்டார். வில்சன் ஆட்சியில் அது நடக்கவில்லை. அடுத்து வந்த ஹார்டிங் 1921இல் ஒப்புக்கொண்டார். மற்ற அரசியல் கைதிகள் உள்ளே இருக்கும்போது தனக்கு மட்டும் சலுகையா என்று இளம்பெண் முதலில் மனுவில் கையெழுத்துப் போட மறுத்தார். நவம்பரில் நால்வரும் 'எஸ்டோனியா' கப்பலில் ஏறினார்கள். 20 ஆண்டு என்ற எண் இங்கேதான் தன் வேலையைச் செய்தது. இன்னும் 18 ஆண்டு மீதமிருக்கும் ஒருவரிடம் நாட்டை விட்டுப் போகச் சம்மதமா என்று கேட்டால், அவர் தருவதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

ராஜத்துரோகத் திருத்தத்தை அதே 1921 மார்ச்சிலேயே காங்கிரஸ் நீக்கிவிட்டது. யாரைத் தண்டித்ததோ அவர்கள் கப்பல் ஏறும்போது அந்தச் சட்டமே இல்லை.

ரஷ்யாவிலும் அவர்களுக்கு இடமில்லை. இளம்பெண்ணை 1922இல் சோவியத் போலீஸ் கைது செய்தது. வெளிநாட்டு அரசின்மைவாதிகளோடு தொடர்பு வைத்திருந்தது ஒரு குற்றம். 1923 செப்டம்பரில் அங்கிருந்தும் நாடுகடத்தினார்கள். பின்னால் பிரான்ஸில் முகாமில் அடைபட்டு, தப்பி, மெக்ஸிகோவில் குடியேறி 1980இல் இறந்தார். புத்தகம் கட்டுபவரும் 1926இல் மெக்ஸிகோ வந்து சேர்ந்தார். தோலாடைத் தொழிலாளி ஸ்டாலின் காலக் களையெடுப்பில் உயிரிழந்தார்.

என்ன மாற வேண்டும், என்ன மாறியது

குற்ற வழக்கின் பக்கம் நிறைய மாறியது. 1969இல் பிராண்டன்பர்க் தீர்ப்பு, உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கும் வாய்ப்பும் இரண்டும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்றது. அதன்படி பார்த்தால் இந்த நான்கு குற்றச்சாட்டுகளில் ஒன்றும் ஜூரி வரை போகாது.

வழக்கு நடத்துபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இன்னும் நுணுக்கமானவை. குற்றச்சாட்டு அடுக்குகளை ஆரம்பத்திலேயே பிரித்துத் தாக்க வேண்டும். மேல்முறையீட்டில் தாக்கினால் ஒன்று நின்றாலும் தோல்வி. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே தண்டனை எழுதும்படி கேட்டுப் பதிவில் ஏற்ற வேண்டும். நோக்கம் பற்றிய சாட்சியத்தை நீதிபதி தள்ளினால், சாட்சி என்ன சொல்லியிருப்பார் என்பதை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாமல் மேல் நீதிமன்றம் இழப்பை எடைபோட முடியாது. குடியுரிமை இல்லாதவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் முன், அவர் அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லும் குடியேற்றக் கோப்புக்கும் போகும் என்பதைச் சொல்லி, அவர் முடிவை அவரிடமே கேட்க வேண்டும். இவ்வழக்கில் மூவர் தெரிந்தே அப்படிப் பேசியிருக்கலாம். அது அவர்கள் உரிமை. தெரியாமல் பேச விடுவது வழக்கறிஞரின் தவறு.

குடியேற்றத்தின் பக்கம் மாற்றம் மிகக் குறைவு. 1952இல் ஹாரிசியாடிஸ் வழக்கில், எப்போதோ கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து விலகியவர்களையும் நாடுகடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கருத்து அடிப்படையிலான தடைகள் பலவற்றைக் காங்கிரஸ் நீக்கியது 1990இல்தான். வெளியுறவு நலனைக் காரணம் காட்டி வெளியேற்றும் பிரிவு இன்னும் இருக்கிறது. 2010இல் படியா வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் அதனால் நாடுகடத்தல் வருமா என்பதைக் கட்சிக்காரரிடம் சொல்வது குற்ற வழக்கறிஞரின் கடமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கடமை குற்ற வழக்கோடு நின்றுவிடுகிறது. நாடுகடத்தல் விசாரணையில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இன்றும் உரிமை உண்டு. காசில்லாதவருக்கு அரசு செலவில் அமர்த்தித் தர வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் மட்டும் இன்றுவரை இல்லை.